சிலம்பம் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன், ஸ்கூல்ல கிளப் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

செந்தூல்_டீச்சர்:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் தமிழ்ப்பள்ளில நாலாம் ஆண்டு கணக்கு எடுக்கிறேன், சாயங்காலம் ஆசான்கிட்ட சிலம்பம். இப்ப தலைமையாசிரியர் புறப்பாடத்துக்கு சிலம்பம் கிளப் ஆரம்பிங்க டீச்சர்னு கேக்கிறாரு. எனக்கு காலடியும் ஒத்தைக் கம்பு வீச்சும்தான் சுத்தமா வரும், அலங்கார வரிசைய இன்னும் தொடவே இல்ல. ஆனா ஆசான் திருத்துற விதம் என் வகுப்பையே மாத்திருச்சு. அவரு ஒரு நேரத்துல ஒன்னத்தான் திருத்துவாரு, மணிக்கட்டுன்னா மணிக்கட்டு மட்டும், அப்ப கால் கோணலா இருந்தாலும் ஒன்னும் சொல்ல மாட்டாரு, அதப் பாத்து நானும் பின்னம் எடுக்கிறப்ப பகுதி எண்ண சமமாக்குறத மட்டும் பாக்கிறேன், விடைய சுருக்கலன்னா அது அடுத்த நாளைக்கு. பலகைக்கு வர பயந்த பிள்ளைங்க இப்ப தானா எழுந்து வருதுங்க. கத்துக்கிட்டு இருக்கிறவங்களே கத்துக் கொடுக்கலாமா? ரெண்டும் செய்றவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த்_கம்பு:
தாராளமா எடுங்க டீச்சர், ஆசான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு. உங்களுக்கு சுத்தமா வர்றத மட்டும் கொடுங்க. முதல் சில வாரம் கம்பே வேணாம், வெறும் காலடி, தரையில சாக்பீஸ்ல கால் வைக்கிற இடத்த வரைஞ்சு விட்டா பிள்ளைங்களுக்கு அலுக்காது. அப்புறம் லேசான ரோத்தான், அதாவது பிரம்பு, நெத்தி உயரம். ஒரு பிள்ளை கை நீட்டி கம்பு வீசினா எவ்ளோ தூரம் போகுதோ அதுல ரெண்டு பங்குக்கு மேல இடைவெளி விட்டு நிறுத்துங்க, ஹால் சின்னதுன்னா பாதி பேர் உக்காந்து பாக்கட்டும். பொட்டு வைக்கிற சண்டைய, அதாவது கம்பால எதிராளிய தொட்டு புள்ளி எடுக்கிறத மட்டும் இப்ப எடுக்காதீங்க, தலைக்கவசமும் விஷயம் தெரிஞ்ச நடுவரும் இல்லாம அது ஆபத்து.

பிரிக்பீல்ட்ஸ்_கராத்தே:
டீச்சர், நீங்க கேக்கிறது புதுசில்ல லா. ஜூடோவ ஆரம்பிச்ச கானோ ஜிகோரோ 1882ல கோடோகான்ங்கிற தன் ஜூடோ பள்ளிய தொடங்கினப்ப அவருக்கு 21 வயசு, தன் குருகிட்ட இன்னும் கத்துக்கிட்டுதான் இருந்தாரு, குருவே அங்க வந்து சொல்லிக் கொடுத்தாரு. கானோவும் உங்கள மாதிரி வாத்தியார்தான், பின்னாடி டோக்கியோல ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கே முதல்வரானவரு. ஒகினாவால கராத்தேய பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு போன இத்தோசு ஆங்கோ, பழைய கட்டா, அதாவது தனியா செய்ற அசைவு வரிசை எல்லாம் பிள்ளைங்களுக்கு கஷ்டம்னு பினான்னு அஞ்சு சின்ன கட்டா அமைச்சாரு, ஷோட்டோகான்ங்கிற கராத்தே பிரிவுல அதுக்கு ஹெய்யான்னு பேரு, எங்க கலர் பெல்ட் பிள்ளைங்க இன்னிக்கும் அதத்தான் செய்றாங்க. எங்க டோஜோல, அதான் பயிற்சிக்கூடத்துல, பிரவுன் பெல்ட் வந்ததுமே ஜூனியர பாத்துக்க விடுவாங்க. ஒரு வெள்ளை பெல்ட் பையன் ஏன் தடுமாறுறான்னு உக்காந்து யோசிச்சப்பதான் திரும்புறப்ப இடுப்பு எங்க முதல்ல போகணும்னு எனக்கே வெளங்குச்சு.

பினாங்கு_மிஸ்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் டீச்சர். எடுக்கிறதுல தப்பில்ல, ஆனா கிளப் வந்த உடனே உங்க சொந்தப் பயிற்சி நின்னு போகும், அத நெறைய பேர்கிட்ட பாத்துட்டேன். பேப்பர் திருத்தணும், மீட்டிங் இருக்கும், மதிப்பீடு ஏத்தணும், அதுல முதல்ல போறது சாயங்காலப் பயிற்சிதான். உங்க கணக்கு வகுப்பு மாறினது நீங்க ஒருத்தர் முன்னால மாணவியா நிக்கிறதாலதானே? அது போயிருச்சுன்னா கிளப் இருந்து என்ன பிரயோஜனம். தலைமையாசிரியர்கிட்ட பேசி கிளப்ப வேற நாள்ல வைங்க, பயிற்சி நாள யாருக்கும் கொடுக்காதீங்க.

செந்தூல்_டீச்சர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மிஸ், நீங்க சொன்னத தலைமையாசிரியர்கிட்ட அப்படியே சொல்லி கிளப்ப புதன்கிழமைக்கு மாத்திட்டேன், பயிற்சி செவ்வாயும் வியாழனும். ஆசானும் மாசம் ஒரு தடவ வந்து பாக்கிறேன்னு சொல்லிட்டாரு. பட்டர்வொர்த் அண்ணே, சின்னப் பிள்ளைங்களுக்கு ரோத்தான் எவ்ளோ கனத்துல வாங்கணும்?

பட்டர்வொர்த்_கம்பு:
பிள்ளை சுத்திப் பிடிச்சா கட்டை விரலும் நடு விரலும் தொடணும் டீச்சர், அதுக்கு மேல கனம் வேணாம். ரெண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு தேச்சிட்டு கொடுங்க.