‘இன்ஃபிளேமபிள்’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு பெயின்ட் பட்டறைக்கான பாதுகாப்புக் கையேட்டின் தமிழ் வடிவம் பிழைதிருத்தத்துக்கு வந்தது. தின்னர் டின்னைப் பற்றிய பக்கத்தில் ‘எரியாத திரவம்’ என்று இருந்தது. மூலத்தைப் புரட்டினால் ‘இன்ஃபிளேமபிள் லிக்விட்’. ‘இன்விசிபிள்’ என்றால் கண்ணுக்குத் தெரியாதது, அதே கணக்கில் ‘இன்ஃபிளேமபிள்’ எரியாதது என்று மொழிபெயர்த்தவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை நம்பி யாராவது டின்னுக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்திருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’ என்பது, மற்றது ‘உள்ளே’ என்பது. ‘இன்ஃபிளேம்’ என்றால் தீ மூட்டுவது. அதில் இருப்பது இரண்டாவது ‘இன்’. 1766இல் ஹைட்ரஜனை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலேய விஞ்ஞானி கேவண்டிஷ் அதை ‘இன்ஃபிளேமபிள் ஏர்’ என்றுதான் அழைத்தார். குழப்பம் உயிரைக் குடிக்கும் என்பதால் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களில் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதச் சொல்லி வற்புறுத்தியது. பிரிட்டிஷ் தரக் கழகம் 1959இல் அதே முடிவுக்கு வந்தது. நம் டேங்கர் லாரிகளின் முதுகில் மட்டும் இன்னும் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஆகவே தமிழில் ஒரு சொல் போதும்.

‘கம்பஸ்டிபிள்’ வேறு: லேசில் பற்றாது, ஆனால் பற்றினால் எரியும். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழிடம் சொல் இல்லை என்று நம் குழுவின் சென்ற மடலில் ஒருவர் வருந்தியிருந்தார். விறகடுப்பு மூட்டிய வீட்டில் கேட்டுப் பாருங்கள். தென்னம்பன்னாடை ஒரே குச்சியில் குப்பென்று பற்றும். புளியங்கட்டை லேசில் பற்றாது, பற்றிவிட்டால் நின்று எரியும். பற்றுவது ஒன்று, எரிவது இன்னொன்று. அம்மா கேட்பதும் “அடுப்பு பத்திக்கிச்சா?” என்றுதானே.

தொழில்துறை பார்ப்பதும் இதைத்தான். திரவத்தின் மேல் எழும் ஆவி, பொறி பட்டால் பற்றுமளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை எது? பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊரின் எந்த மார்கழிக் காலையிலும் அது பற்றத் தயார். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். டீசலுக்கு அந்த வெப்பநிலை மிக மேலே. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் நெடுங்காலம் 37.8 டிகிரியில் கோடு போட்டு, கீழே உள்ளதை ‘ஃபிளேமபிள்’ என்றும் மேலே உள்ளதைக் ‘கம்பஸ்டிபிள்’ என்றும் பிரித்தன.

என் பரிந்துரை: ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுக்கும் ‘தீப்பற்று’. கம்பஸ்டிபிளுக்கு ‘எரி’. சுடுநீர், குடிநீர் போல வினைத்தொகையாக வரும்: தீப்பற்று நீர்மம், எரி நீர்மம். எதிர்மறைக்குத் ‘தீப்பற்றா’.

---

தம்பி,

பற்றுவது, எரிவது என்று பிரித்தது சரி. பன்னாடையை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் மூன்று இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

‘எரி’யோடு ‘பொருள்’ சேர்ந்தால் ‘எரிபொருள்’; அது ஏற்கெனவே விறகுக்கும் பெட்ரோலுக்கும் பெயராகிவிட்டது. கிடங்கில் அடுக்கிய அட்டைப்பெட்டி எரியும், ஆனால் யாரும் அதை எரிபொருள் என்பதில்லை. ‘எரிதகு’ என்று வையுங்கள். அப்புறம், ‘தீப்பற்று’ என்றால் நாட்டுப்பற்று, மொழிப்பற்று மாதிரி காதில் விழுகிறது. ‘ம்’ சேர்த்துத் ‘தீப்பற்றும்’ என்றே எழுதுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நான் முப்பது வருடம் கிடங்கில் வேலை பார்த்தவன். டின் மேல் உள்ள எழுத்து ஒரு மாதத்தில் பாதி உரிந்துவிடும். ‘தீப்பற்றும்’, ‘தீப்பற்றா’ இரண்டிலும் கடைசி எழுத்து போனால் மிஞ்சுவது என்ன? முதலாவதில் ‘தீப்பற்று’, இரண்டாவதில் ‘தீப்பற்’. எது எது என்று பிரித்தறிய முடியாது. ஆங்கிலத்தில் முன்னால் இருந்த குழியை நாம் பின்னால் தோண்டி வைக்கிறோம்.

இன்னொரு அன்பர் ‘அழலுறு’ என்றார்; அழல் என்றால் தீ. அழகான சொல்தான். ஆனால் மருத்துவர்கள் ‘இன்ஃபிளமேஷ’னுக்கு ‘அழற்சி’யை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், வீக்கத்தையும் தீயையும் மறுபடி ஒரே வேரில் கட்ட வேண்டாம்.

---

அண்ணா,

மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உரிந்த எழுத்தை நான் யோசிக்கவே இல்லை. காகிதத்தில் சொல் படைப்பவனுக்கும் டின்னைத் தூக்குபவருக்கும் உள்ள தூரம் அது.

திருத்திய வடிவம் இது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள்: ‘தீப்பற்றும்’, ‘ம்’ சேர்த்தே எப்போதும். கம்பஸ்டிபிள்: ‘எரிதகு’. எதிர்மறையை ஆய்வுக்கட்டுரையில் ‘தீப்பற்றா’ என்று எழுதலாம்; டின்னிலும் சுவரிலும் எதிர்மறையே வேண்டாம். பற்றாத பொருளுக்கு அது என்ன பொருள் என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆபத்து உள்ளதற்கு மட்டும் எச்சரிக்கை இருந்தால், பாதி உரிந்த எழுத்தும் எச்சரிக்கையாகவே மிஞ்சும்.

‘எளிதில்’ என்பதைச் சொல்லுக்குள் சேர்க்க வேண்டாம் என்றும் நினைக்கிறேன். எல்லைக்கோடு விதிக்கு விதி நகர்கிறது. நம் பெட்ரோலிய விதிகளில் 23, 65, 93 டிகிரி என்று மூன்று வகுப்புகள், ஐ.நா.வின் வேதிப்பொருள் முறையில் 93 வரைக்கும் எல்லாமே ‘ஃபிளேமபிள்’. அளவை வகுப்பு எண் சொல்லட்டும்.

பட்டறைக்காரர்களிடம் பேசிவிட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். புதிய பக்கத்தில் தின்னர் டின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: ‘தீப்பற்றும் திரவம். பக்கத்தில் வெல்டிங் கூடாது.’ இதில் மாற்றம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் அச்சுக்குப் போகிறது.