"நீங்களே நடத்திடுங்க சார்" என்று சொல்லாமல் இருக்க, முதல் நாள் என்ன செய்யலாம்?

கேள்வி:
அடுத்த வாரம் முதலாண்டு பொறியியல் இயற்பியல் தொடங்குகிறது. 60 பேர், 50 நிமிடப் பீரியட், நகர்த்த முடியாத பெஞ்ச். கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு நடத்த நினைக்கிறேன். "சார் நடத்தவே மாட்டேங்கிறார்" என்ற புகார் வராமலிருக்க முதலிலேயே என்ன சொல்லிவைப்பது?

சுண்ணக்கட்டி:
சொல்லாதீங்க சார், செய்ய வையுங்க. சிலபஸ் வாசிப்பு இரண்டாம் நாளுக்குப் போகட்டும். முதல் பத்து நிமிடத்தில் இந்தக் கேள்வி: நேர்மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன? அ) சுழி ஆ) கீழ்நோக்கி 9.8 மீ/வி² இ) மேல்நோக்கி 9.8 மீ/வி².

பிளஸ் டூ முடித்தும் பலர் 'அ'தான் சொல்வார்கள். திசைவேகம் சுழியானால் முடுக்கமும் சுழி என்ற குழப்பம். ஒரு நிமிடம் பேச்சில்லாமல் யோசித்து விடை காட்டட்டும். பிறகு இரண்டு நிமிடம் வேறு விடை சொன்னவரோடு பேசி, மறுபடி காட்டட்டும். அதுவரை சரியான விடையை உங்கள் முகம்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இரண்டு எண்ணிக்கையையும் போர்டில் எழுதி, "இனி இப்படித்தான்" என்று அங்கே சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
கை தூக்கச் சொல்ல வேண்டாம். முன்பெஞ்சு டாப்பரைப் பார்த்தே பாதிக் கை எழும். ஏ4 அட்டையின் நான்கு கால்பகுதியில் நான்கு நிறம், நான்கு எழுத்து. விடை வெளியே தெரிகிற மாதிரி மடித்து, "மூணு" என்றதும் எல்லாரும் ஒன்றாக, நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

சரியான விடை சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பேசவிடாதீர்கள், தப்பைத்தான் பரிமாறிக்கொள்வார்கள். ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம்.

மதிப்பெண் பதிவேடு:
புகார் முதல் நாள் வராது, மூன்றாம் வாரம் வரும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். கோர்வையான லெக்சர் புரிந்த மாதிரி ஒரு நிறைவைத் தரும். தடுமாறி யோசிப்பதில் அது கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இன்டர்னல் கேள்வித்தாளில் வெறும் டெரிவேஷன் மட்டும் கேட்டால் அந்தப் புகார் நியாயமானதுதான். அட்டைக் கேள்வி மாதிரி குறைந்தது இரண்டு கேள்வி அதில் இருக்கணும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வாயே திறக்காதவர்களை என்ன செய்வது?

கடைசிபெஞ்ச்:
பெயர் சொல்லி எழுப்பாதீங்க. "உன் விடை என்ன?" என்பதற்குப் பதில் "உங்க பெஞ்சில் என்ன சண்டை ஓடிச்சு?" என்று கேட்டுப் பாருங்க. தப்பு பெஞ்சோடதா போயிடும், பேச்சு வரும்.