ஆவடி பக்கம் வாடகை வீடு: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மாத்தலாகி இருக்கு. அடுத்த மாசம் அம்மா, மனைவி, ஆறு வயசுப் பையனோட குடிவரணும். பட்டரவாக்கத்துல இறங்கி வேலைக்குப் போகணும்கிறதால ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு தேடறேன். வாடகை 12,000 வரைக்கும் தர முடியும்.

அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. அதனால போன ஞாயித்துக்கிழமை ஒரு கீழ்வீடு பார்த்தோம். காத்தும் வெளிச்சமுமா நல்லாத்தான் இருந்துச்சு. பீரோவுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தா, சுவத்துல முழங்கால் உயரத்துக்குத் தண்ணி நின்ன கறை! மனசு பதறிடுச்சு. 2023 மிக்ஜாம் புயலப்போ எந்தெந்தத் தெருவுல தண்ணி புகுந்துச்சு, எங்க மேடு? அங்கேயே குடியிருக்கறவங்க சொன்னா பெரிய உதவி.

இன்னொரு ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேக்கறார். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைதான். அதைச் சொன்னதும் முகம் மாறிடுச்சு. பேசிக் குறைச்சவங்க எப்படிப் பேசினீங்க?

போர் தண்ணி உப்பா, ஈபி தனி மீட்டரான்னும் சொல்லுங்க. லிஃப்ட் இருந்தா மாடி வீடும் சரிதான்.