கண்மாய்க்கரைப் பூங்காவுக்கு முன்பணம் கேட்பது தொடர்பாக

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் தில்லி மயூர் விகாரிலிருந்து வணக்கம்.

நம் ஊர்க் கண்மாய்க்கரையில் வரப்போவதாகச் சொல்லும் கேளிக்கைப் பூங்காவையும் அதைச் சுற்றி வரப்போகும் வீட்டுமனைகளையும் பற்றி, முன்பணம் கேட்டு நமக்கு அனுப்பியிருக்கும் கையேட்டை இரண்டு முறை படித்தேன். 24 பக்கங்களில் இராட்டினத்துக்கும் நீர்ச்சறுக்குக்கும் 20 பக்கம் போயிருக்க, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். இந்தத் திட்டத்துக்காகப் பேசும் சிங்கப்பூர் அண்ணன் இதைக் குறை காணும் புத்தி என்பார், சொல்லட்டும்.

தை மாதம் ஊருக்குப் போன என் மைத்துனர், பெரிய கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில், புதிதாக எல்லைக்கல் ஊன்றியிருப்பதைப் பார்த்து வந்திருக்கிறார். கண்மாய்ப் புறம்போக்கை எவரும் மனையாக விற்க முடியாது. ஏரி, கண்மாய்களில் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கற்கள் பட்டா நிலத்தில்தான் நிற்கின்றன என்றால், புல எண்ணையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் காட்டுவதில் என்ன தயக்கம்?

மனை விலையில் கால்வாசியை இப்போதே கட்டச் சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் திரட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். கையேட்டில் பதிவு எண்ணைக் காணோம்; பணம் அனுப்பச் சொல்லும் கணக்கோ ஒரு தனி நபருடையது.

தில்லிவாசிகளுக்கு அப்பு கர் என்ற கேளிக்கைப் பூங்கா நினைவிருக்கும். 1984 நவம்பரில் பிரகதி மைதானத்தில் திறந்தார்கள். என் மகளை அழைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை, இராட்டினத்தில் சுற்றிய நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரமே அதிகம். அத்தனை கூட்டம் வந்த இடத்தையே, உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் நிலம் தேவைப்பட்டபோது 2008இல் மூடிவிட்டார்கள். இன்னொரு செய்தி நமக்கு மேலும் நெருக்கமானது. குருகிராமில் கேளிக்கைப் பூங்காத் திட்டத்தில் கடைகள் தருவதாகச் சொல்லி ஏறத்தாழ 1,500 பேரிடம் 400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாக அமலாக்கத் துறை ஒரு நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டி, 2024இல் சொத்துகளை முடக்கியது. குற்றச்சாட்டுதான், தீர்ப்பன்று, ஆனாலும் ‘பூங்கா வரும், கடை வாங்குங்கள்’ என்பதற்கும் ‘பூங்கா வரும், மனை வாங்குங்கள்’ என்பதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஊருக்குப் பெருமை என்று அண்ணன் எழுதியிருக்கிறார். சித்திரை பிறந்தால் மாடு மேயும் கண்மாய் அது. நீர்ச்சறுக்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கீழத்தெருச் சித்தி கேட்டதற்கு அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தேரைச் செப்பனிட நாம் அனுப்பிய பணத்துக்கும் இதுவரை வரவுசெலவு வரவில்லை. அதைக் கேட்ட ஆண்டிலிருந்து மேலத்தெருக் கல்யாணப் பத்திரிகைகள் என் வீட்டுக்கு வருவதில்லை என்பதை அந்த வீட்டு மாமாவுக்கு நினைவூட்டுகிறேன்.

பதிவு எண்ணும் வில்லங்கச் சான்றும் வரும்வரை நான் ஒரு ரூபாயும் அனுப்பப் போவதில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், என்னைக் கேட்காமலே, புரவலர் பட்டியலில் ஏழாவதாக என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அதை உடனே நீக்கிவிட்டு, நீக்கிய பிரதியை எனக்கு அனுப்பி வைக்கவும்.