லண்டனுக்கு அம்மா: நேரா போகட்டுமா, துபாய் வழியாகவா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குரோம்பேட்டை. அம்மாவுக்கு 68 வயது, முதல் விமானப் பயணம். தை மாதம் லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். டிக்கெட் போடுவதில்தான் குழப்பம்.

நேர் விமானம் விடியற்காலை 5.30க்குப் புறப்பட்டு அங்கே 11.30க்கு இறங்குகிறது. அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு மணி நேரம்தானா? திருநெல்வேலிக்கே ராத்திரி முழுக்க ரயில்ல உட்காரணுமே!" என்கிறார். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், உண்மையில் 11 மணி நேரத்துக்கு மேல் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம்.

நேராகப் போனால் சுமார் 8,200 கி.மீ. துபாய் வழியாக என்றால் 2,900, அப்புறம் 5,500. தூரம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் காத்திருப்பையும் சேர்த்தால் 15 மணி நேரம் ஆகிவிடுகிறது. விலை என்னவோ குறைவுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. ஒரே மூச்சில் உட்கார்ந்து போவது நல்லதா, நடுவில் இறங்கிக் காலாற நடப்பது நல்லதா? வயதானவர்களைத் தனியாக அனுப்பியவர்கள் சொல்லுங்கள். துபாயில் சக்கர நாற்காலி உதவி எப்படி? தமிழ் தவிர வேறு மொழி தெரியாது.

இன்சுலின் நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மட்டும் கைப்பையில் வைக்காதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை.