தாமஸ் மந்தமா, நிதானமா? நாஷ்வில் 1864ஐ மேசையில் போடப்போய் வந்த சண்டை

மேசைப்படை:
மூன்று மாதமாக நாஷ்வில் சண்டையை (டிசம்பர் 15, 16, 1864) 10 மி.மீ. பொம்மைகளில் மேசைப் போர் விளையாட்டாகப் போட உழைத்துக்கொண்டிருக்கிறேன். வடக்குப் படை பாதி பெயின்ட் ஆகிவிட்டது, தெற்குப் படைக்கு இன்னும் ப்ரைமர்கூட அடிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் பரிச்சயமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: வடக்கின் தளபதி ஜார்ஜ் தாமஸ் டென்னசியின் தலைநகரான நாஷ்வில்லில் அரணுக்குள் இருக்கிறார். தெற்கின் ஜான் பெல் ஹூட், நவம்பர் 30 அன்று பிராங்க்ளினில் தன் படையைத் தானே மோதி நொறுக்கிக்கொண்டு, மிச்சத்தோடு டிசம்பர் 2இல் வந்து ஊருக்கு வெளியே நிற்கிறார். தாமஸ் ஏறக்குறைய இரண்டு வாரம் அசையவில்லை. வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் தந்தி மேல் தந்தி அடிக்கிறார், கடைசியில் ஆளையே மாற்றப் பார்க்கிறார்.

எங்கள் விதியில் தளபதிக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் உண்டு. பகடை அந்த எண்ணிலோ அதற்குக் கீழோ விழுந்தால்தான் படை நகரும். தாமஸுக்கு 2 போட்டிருக்கிறேன், ஹூட்டுக்கு 5. கிராண்ட் நினைவுக்குறிப்பைப் படித்தேன், அதில் அவரே தாமஸை மெதுவானவர் என்கிறார். பட்டப்பெயரே ‘ஓல்டு ஸ்லோ டிராட்’. மேசைக்கு உறைபனி வெள்ளை அடித்துவிட்டேன், ஃபெவிகாலும் சமையல் சோடாவும் கலந்து, நான்கு அடிக்கு ஆறு அடி, பளபளவென்று இருக்கிறது. எண் சரிதானே?

ஆவணப்புழு:
2ஆ? தம்பி, வழக்குப் போட்டவன் வாக்குமூலத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். கிராண்டின் புத்தகம் 1885-86இல் வந்தது. தாமஸ் 1870லேயே போய்விட்டார். நினைவுக்குறிப்பு எழுதவில்லை, தன் கடிதங்களையும் எரித்துவிட்டார். தன்னைக் குறைகூறி வந்த ஒரு கட்டுரைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பக்கவாதம் வந்து இறந்தார். ஆக, நமக்குக் கிடைப்பது ஒரு பக்கத்துக் கதை மட்டும்.

பட்டப்பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் குதிரைப் பயிற்சி கொடுத்தபோது அங்கிருந்தவை கிழட்டுக் குதிரைகள். மாணவர்கள் பாய்ச்சல் விடப் பார்க்கும்போதெல்லாம் ‘மெதுவான ஓட்டம்’ என்று கட்டளை போடுவார், குதிரை சாகக்கூடாதே என்று. அந்தப் பெயரை வைத்து 1864க்கு எண் போடுவது, பள்ளியில் வைத்த பட்டப்பெயரை வைத்து ஒருவருக்குச் சம்பளம் நிர்ணயிப்பது போல.

செய்ய வேண்டியது இது. அமெரிக்க அரசு அச்சிட்ட போர் ஆவணத் தொகுதிகள் 128 இருக்கின்றன, 1880 முதல் 1901 வரை வந்தவை, இணையத்தில் இலவசம். முதல் வரிசையில் 45ஆம் தொகுதியை எடுங்கள். முதல் பகுதி சண்டைக்குப் பிறகு எழுதிய அறிக்கைகள், இரண்டாவது அன்றன்றைக்குப் பறந்த தந்திகள். இரண்டாவதை முதலில் படியுங்கள். அறிக்கை என்பது ஜெயித்தது யார் என்று தெரிந்தபின் எழுதுவது, தந்தியில் அந்த வசதி கிடையாது.

அப்புறம் ஒரு கெட்ட சேதி. டிசம்பர் 8, 9 வாக்கில் பனிமழை பெய்து தரை கண்ணாடியாக உறைந்தது, உண்மை. ஆனால் 14ஆம் தேதிக்குள் உருகிவிட்டது. 15 காலையில் இருந்தது மூடுபனியும் சேறும். உங்கள் வெள்ளை மேசை ஒரு வாரம் முந்தியது.

மேசைப்படை:
அய்யோ. இரண்டு பாக்கெட் சமையல் சோடா.

குளம்படி:
புழு சார், தாமஸ் பக்தி சங்கத்துக்கு நீங்கள்தான் செயலாளரா? பட்டப்பெயரை விடுங்கள், செய்ததைப் பார்ப்போம். இரண்டாம் நாள் மாலை, ஷைஸ் ஹில் என்று இப்போது சொல்லும் குன்று. தாமஸின் கீழிருந்த தளபதி ஷோஃபீல்ட் இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. தாக்கியது யார்? மெக்கார்தர், வெறும் டிவிஷன் தளபதி. ‘வேண்டாம் என்று உத்தரவு வராவிட்டால் நான் ஏறுகிறேன்’ என்று மேலே சொல்லி அனுப்பிவிட்டு ஏறிவிட்டார். பின்பக்கம் இருந்து தாமஸின் குதிரைப்படைத் தளபதி வில்சனின் ஆட்கள், குதிரையை விட்டு இறங்கி, அடுத்தடுத்துச் சுடும் ஸ்பென்சர் துப்பாக்கியோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சண்டையை முடித்தது இந்த இரண்டு பேர். தாமஸுக்கு 2 என்பதே தாராளம், மெக்கார்தருக்கும் வில்சனுக்கும் 5 கொடுங்கள்.

துரத்தலைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிதவைப் பாலத்துக்கான வண்டிகள் பிராங்க்ளின் சாலையில் போகவேண்டியது, மர்ஃப்ரீஸ்பரோ சாலையில் போனது! ஆறுகளில் வெள்ளம், பாலம் இல்லை, படை கரையில் நிற்கிறது. ஹூட்டின் மிச்சம் கிறிஸ்துமஸ் வாரத்தில் டென்னசி ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. அந்தத் தப்பான உத்தரவு தாமஸின் தலைமையகத்திலிருந்து போனது.

ஆவணப்புழு:
பாலம் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன், அது தப்புதான், மழுப்ப இடமில்லை.

ஆனால் அதே வில்சனைக் கேளுங்கள், இரண்டு வாரம் எதற்குப் போனது என்று. அவரிடம் 12,000 பேர், குதிரை இருந்தது சுமார் 9,000 பேருக்கு. அதையும் சேர்க்க டிராம் வண்டி இழுத்த குதிரை, சர்க்கஸ் குதிரை என்று ஒன்று விடாமல் பிடித்திருக்கிறார்கள். நீங்கள் கும்பிடும் அந்தக் குதிரைப்படை தாமஸ் காத்திருந்ததால்தான் இருந்தது. டிசம்பர் 5இல் தாக்கியிருந்தால் ஷைஸ் ஹில்லுக்குப் பின்னால் யார் போயிருப்பார்கள், நீங்களா?

மெதுவான ஆள் என்றால் சிக்கமாகா சண்டையில் (செப்டம்பர் 20, 1863) என்ன செய்தார்? வலது பக்கம் மொத்தமாக உடைந்து, மேல்தளபதி ரோஸ்கிரான்ஸே சட்டனூகாவுக்குப் போய்விட்டார். தாமஸ் ஸ்னாட்கிராஸ் குன்றில் கிடைத்த ஆட்களை வைத்து நின்றார். பிற்பகலில் பின்னால் ஒரு புழுதிப்படலம் எழும்புகிறது. எதிரியென்றால் கதை முடிந்தது, நம்மவர் என்றால் பிழைத்தோம். யார் என்று பார்த்துவர ஆள் அனுப்பிவிட்டு இடத்தை விட்டு அசையாமல் இருந்தார். வந்தது கிரேஞ்சரின் ரிசர்வ் படை.

குளம்படி:
அந்தக் கிரேஞ்சரும் உத்தரவு இல்லாமல், பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுத் தானாகக் கிளம்பி வந்தவர் சார். 😀 எங்கே பார்த்தாலும் கீழே இருப்பவன் முடிவெடுக்கிறான், பெயர் தாமஸுக்கு.

நிற்பதில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. கிராண்டும் அதைத்தானே சொல்கிறார்: பிடித்து நிற்கச் சொன்ன இடத்திலிருந்து அவரைக் கிளப்ப முடியாது, ஆனால் தாக்குதலில் மெதுவு.

பகடை_பாண்டி:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான், ஹூட்டாக உட்காரப்போவது யார்? வடக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹூட்டின் குதிரைப்படையில் பெரும்பகுதி அதன் தளபதி ஃபாரஸ்டோடு மர்ஃப்ரீஸ்பரோ பக்கம் போய்விட்டது, அவரே அனுப்பினார், புண்ணியவான். தாமஸுக்கு 2 போட்டாலும் 4 போட்டாலும் ஹூட் ஆடுகிறவன் ஆறு மணி நேரம் அடி வாங்கிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவான். இதற்கு எதற்கு 128 தொகுதி?

என் யோசனை. ஆட்டத்தைச் சண்டையில் தொடங்காமல் டிசம்பர் 2இல் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. தாமஸ் ஆடுபவருக்கு ஒவ்வொரு நாளும் குதிரை சேரும், ஒவ்வொரு நாளும் கிராண்டின் பொறுமை குறையும். ஜான் லோகன் என்ற இன்னொரு வடக்குத் தளபதியை தாமஸ் இடத்துக்கு அனுப்பினார்கள் அல்லவா, அதைப் பகடையில் வையுங்கள். லோகன் ஊர் வந்து சேர்ந்தால் வடக்கு தோற்றது, சண்டையில் ஜெயித்தாலும் சரி.

ஆவணப்புழு:
பாண்டி, இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, ஆனால் இது நல்ல யோசனை. ஆவணமும் ஒத்துவருகிறது. 9ஆம் தேதி தாமஸை மாற்றி ஷோஃபீல்டைப் போடும் உத்தரவு தயாராகி, அனுப்பாமல் நிறுத்திவைக்கப்பட்டது. 13இல் லோகன் கிளம்பினார், தாமஸ் ஏற்கெனவே நகர்ந்திருந்தால் உத்தரவைக் கொடுக்காதே என்ற நிபந்தனையோடு. லூயிவில் வரை வந்தவர் வெற்றிச் செய்தியைக் கேட்டு நின்றுவிட்டார். கிராண்டும் தானே நேரில் வரலாம் என்று கிளம்பி வாஷிங்டன் வரை வந்திருந்தார். இடையில் உறைபனி நாட்களுக்கு ஓர் அட்டை வையுங்கள், அந்த நாளில் இரு தரப்பும் நகர முடியாது. ஹூட்டும் அதே பனியில்தான் கிடந்தார், பலருக்குக் காலில் செருப்புகூட இல்லாமல்.

மேசைப்படை:
அப்படியென்றால் என் வெள்ளை மேசை உறைபனி நாட்களுக்கு உதவும்! இரண்டு மேசை போடுகிறேன். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனி ஆராய்ச்சி.

ஒரு சந்தேகம். ஷைஸ் ஹில்லைத் தெர்மாகோலில் வெட்டிவிட்டேன், அகழியை உச்சியிலேயே வைத்தேன். சோதனை ஆட்டத்தில் மெக்கார்தரின் ஆட்கள் ஏறுவதற்குள் தெற்குக்காரன் மூன்று சுற்றுச் சுட்டுத் தீர்த்துவிட்டான். நிஜத்தில் எப்படி அவ்வளவு சீக்கிரம் ஏறினார்கள்?

ஆவணப்புழு:
அகழியைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள், பார்வைக் கோட்டை அளக்கவில்லை. முதல் நாள் இரவு இருட்டில் தோண்டியதால் விளிம்பிலிருந்து பின்தள்ளி உச்சியில் தோண்டிவிட்டார்கள். அங்கே நின்றால் கீழே சரிவு தெரியாது. ஒரு பொம்மையை அகழியில் வைத்து அதன் கண் மட்டத்திலிருந்து நூல் பிடித்துப் பாருங்கள், நூல் விளிம்பில் தட்டும். நூல் படாத சரிவில் ஏறுபவனைச் சுட முடியாது என்று விதி போடுங்கள். இதற்கு எந்தத் தளபதி எண்ணும் வேண்டாம்.

குளம்படி:
இதை ஒத்துக்கொள்கிறேன். அதே நாளில் எதிர்ப்பக்கம் ஓவர்டன் ஹில்லை விட்டுவிடாதீர்கள். அங்கே கறுப்பினப் படைப்பிரிவுகள் நேராக ஏறிப் பயங்கரமாக அடிபட்டன, 13ஆவது ரெஜிமென்ட் குறிப்பாக. எதிரே நின்ற தெற்குத் தளபதி ஹோல்ட்ஸ்கிளா, இறந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடந்து தான் பார்த்ததில்லை என்று அறிக்கையில் எழுதினார். நிறையப் பேர் மேசையில் அந்தப் பக்கத்தையே போடுவதில்லை, முடிவை மாற்றவில்லை என்று. ஹூட் அங்கே ஆள் நகர்த்தினால்தான் ஷைஸ் ஹில் பலவீனமாகும், ஆட்டத்துக்கே அது வேண்டும்.

மேசைப்படை:
ஞாயிறு ஆடினோம். தாமஸ் எண்ணைத் தூக்கிவிட்டேன்: தற்காப்பில் 5, தாக்குதல் தொடங்க 3, தொடங்கியபின் டிவிஷன்காரர்கள் தங்கள் எண்ணில் நகரலாம். 12ஆம் தேதி வரை குதிரை சேர்த்தேன், லோகன் பகடை இரண்டு முறை மயிரிழையில் தப்பியது, 13இல் பயந்துபோய்த் தாக்கினேன். ஜெயித்தேன், ஆனால் ஹூட் ஆடிய பாண்டி பாதிப் படையைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்.

பகடை_பாண்டி:
பாலத்தைத் தப்பான சாலையில் அனுப்பும் அட்டை வந்தது. 😁

குளம்படி:
ஆக, தாமஸ் தாக்குதலுக்கு 3. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பக்தி சங்கம்.

ஆவணப்புழு:
13இல் தாக்கினால் பனி இன்னும் உருகியிருக்காது தம்பி. சறுக்கலுக்குப் பகடை போட்டீர்களா?

மேசைப்படை:
போடவில்லை. சரி, மறுபடி ஆடுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள், டென்னசிச் சேற்றுக்கு என்ன பழுப்பு? என்னிடம் இருப்பது செம்மண் நிறம் மட்டும்.