14 இன்ச் லேப்டாப்பா, 16 இன்ச்சா? ஒரே சிப், ஒரே ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்). சூட்டில் எவ்வளவு வேகம் குறையும்?

தறிநாடா:

ஒரே வரிசையில் 14 இன்ச் ஒன்று, 16 இன்ச் ஒன்று. இரண்டிலும் சிபியு கோர் ஐ7-13700எச், ஜிபியு ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி ரேம். சின்னது 1.7 கிலோ, பெரியது 2.2 கிலோ. திரையும் எடையும் தவிர வேறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. சின்ன மெஷின் சீக்கிரம் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு குறையும் என்று யாரும் சொல்வதில்லை.

வேலை: பெரிய சி++ ப்ராஜெக்ட். முழு பில்ட் (மொத்தக் கோடையும் கம்பைல் செய்வது) சுமார் 25 நிமிடம், மற்றபடி நாள் முழுக்கச் சின்னச் சின்ன பில்ட். வாரத்தில் ஓரிரு முறை பிளெண்டரில் (3டி மென்பொருள்) 3 மணி நேர ரெண்டர். அவ்வப்போது 4கே வீடியோ எக்ஸ்போர்ட். வாரத்தில் மூன்று நாள் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மற்ற நாட்களில் மேஜையில் மானிட்டரோடு.

95 டிகிரியில் தொடர்ந்து ஓடினால் சிப் கெட்டுப்போகுமா? கூலிங் பேட் (அடியில் வைக்கும் ஃபேன் தட்டு) போட்டால் 14 இன்ச் 16 இன்ச்சுக்குச் சமமாகிவிடுமா? இதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனல்மானி:

சிப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு வாட் கணக்கைப் பாருங்கள். 13700எச்-க்கு இன்டெல் தரும் அடிப்படை பவர் 45 வாட், டர்போ உச்சம் 115 வாட். இடைப்பட்ட தூரத்தில் எவ்வளவு வாட்டை எத்தனை நேரம் ஓடவிடுவது என்பது லேப்டாப் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. அதற்கு இரண்டு வரம்புகள். பிஎல்2 என்பது குறுகிய நேர உச்சம், பிஎல்1 என்பது நீடித்து ஓடும் அளவு. வேலை ஆரம்பித்ததும் பிஎல்2-க்குப் பாயும். சராசரி பவர் பிஎல்1-ஐத் தொட்டதும் அங்கே இறங்கி உட்கார்ந்துவிடும். இந்த அவகாசத்தை 28 நொடி, 56 நொடி என்று வைப்பது வழக்கம்.

அதனால் உங்கள் 10, 15 நொடி பில்ட்களில் இரண்டு மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சிப்பின் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்பும் செம்புத் தகடும் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வித்தியாசம் தெரிவது முழு பில்டிலும் ரெண்டரிலும்தான்.

ஜிபியுவிலும் இதே கதை. 4070 லேப்டாப் சிப்புக்கு என்விடியா அனுமதிக்கும் வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை. இரண்டு ஓரத்திலும் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். வாங்குமுன் அந்த எண்ணை ரிவ்யூவில் தேடுங்கள்.

மூன்றாவதாக ஒரு எண் உண்டு, பலரும் கேட்கத் தவறுவது அதுதான்: சிபியுவும் ஜிபியுவும் ஒன்றாக ஓடும்போது மொத்தம் எத்தனை வாட்? தனித்தனியாக 45, 90 என்று இருக்கும் சின்ன மெஷின், இரண்டும் சேர்ந்தால் 135-ஐத் தராமல் 100-லேயே நின்றுவிடலாம். பல 14 இன்ச் மெஷின்களில் இரண்டு சிப்புக்கும் பொதுவான ஹீட் பைப்தான் ஓடுகிறது. ஒன்றின் சூடு மற்றதன் தலையில் ஏறும்.

95 டிகிரி பற்றி: இந்த சிப்புக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சிப்புக்குப் பயமில்லை. சூட்டில் உண்மையாகத் தேய்வது பேட்டரி, ஃபேன் பேரிங், சிப் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் இந்த மூன்றும்தான். மேஜையில் எப்போதும் சார்ஜரோடு ஓட்டும் நாட்களில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிடுங்கள்.

ஈசல்:

அனல்மானி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. வேகத்தைக் குறைச்சுக்கறதை த்ராட்டிலிங்னு பொதுவா சொல்லிடறோம், உள்ள பார்த்தா அது பல விதம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு சென்சார் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு லோடு குடுங்க. கோர் டெம்பரேச்சர், சிபியு பேக்கேஜ் பவர் (சிபியு இழுக்குற மொத்த வாட்), கோர் கிளாக் (கோர் ஓடுற வேகம்), இந்த மூணு வரியை மட்டும் பாருங்க.

டெம்பரேச்சர் 99, 100-ல ஒட்டிக்கிட்டு, கிளாக் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கினா அது நிஜமான சூட்டு த்ராட்டிலிங். கூலிங் போதலை. தூசி, காஞ்சுபோன பேஸ்ட், அடைபட்ட காத்து வழி, இதுல ஒண்ணு.

டெம்பரேச்சர் 80 கிட்ட அமைதியா இருக்கு, ஆனா பவர் 45.0-ல ஆணியடிச்ச மாதிரி நிக்குதுன்னா அது பவர் லிமிட். மெஷின் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இதுக்குக் கூலிங் பேட் வாங்கினா ஒரு டிகிரி ரெண்டு டிகிரி குறையும், வேகம் துளிகூட ஏறாது.

டெம்பரேச்சர் 60, 65-தான் இருக்கு, ஆனா கிளாக் திடீர்னு 400, 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்துடுதுன்னா சிபியுவைக் குத்தம் சொல்லாதீங்க. போர்டுல இருக்குற வேற ஏதோ பாகம் "குறைச்சுக்கோ"ன்னு சிக்னல் குடுக்குது. முதல்ல சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை. வாட் பத்தாத சார்ஜர், சரியா அடையாளம் தெரியாத சார்ஜர். அடுத்தது, பவர் சப்ளை பாகங்கள் மேல இருக்குற தெர்மல் பேட்.

ஏஎம்டி மெஷின்ல இன்னொரு விதம் உண்டு. வெளி ஓட்டோட சூடு கைக்குத் தாங்கணும்னு கணக்குப் பண்ணி, சில நிமிஷம் கழிச்சுப் பவரைக் குறைக்கும். சிப் சூடே இல்லாம வேகம் குறையறதால நிறையப் பேர் குழம்பிப் போறாங்க.

எதை வாங்கினாலும் ரிட்டர்ன் பண்ற நாள் முடியறதுக்குள்ள இந்த டெஸ்டைப் பண்ணிடுங்க. கூடவே வந்த சார்ஜர், கெட்டியான மேஜை, பெர்ஃபார்மன்ஸ் மோடு. ரூம் டெம்பரேச்சரைக் குறிச்சு வைங்க. ரூம் 10 டிகிரி கூடினா சிப்பும் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும், அதனால குளிர்ச்சியான ரூம்ல எடுத்த ரிவ்யூவை அப்படியே நம்பாதீங்க. சினிபெஞ்ச் ஆர்23-ல (சிபியு டெஸ்ட்) 30 நிமிஷ ஓட்டம் குடுத்து, 1-ஆவது நிமிஷம், 5-ஆவது, 25-ஆவது நிமிஷம் பேக்கேஜ் பவரை எழுதுங்க. 5-க்கும் 25-க்கும் நடுவுல இறங்கிக்கிட்டே போனா ஹீட்சிங்க் (சிப் சூட்டை வெளியேத்தற உலோகப் பாகம்) தாங்கலைன்னு அர்த்தம். அப்புறம் ஜிபியுவுக்கு 3டிமார்க் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், 20 சுத்து. மெதுவான சுத்து, வேகமான சுத்தோட 97 சதவீதத்துக்குக் கீழ வந்தா ஃபெயில். கடைசியா பிளெண்டர் ரெண்டரையும் கம்பைலையும் ஒண்ணா ஓட்டுங்க. இந்தக் கடைசி டெஸ்ட்டுலதான் சின்ன மெஷினோட உண்மை வெளிய வரும்.

தறிநாடா:

நன்றி. ரிவ்யூக்களில் தேடி எண்களை எடுத்துவிட்டேன். 14 இன்ச்: நீடித்து ஓடும்போது சிபியு 45 வாட், ஜிபியு 90, இரண்டும் சேர்ந்தால் 100. 16 இன்ச்: 65, 115, சேர்ந்தால் 160. இந்த வாட் வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் எப்படி மாற்றுவது?

அனல்மானி:

தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. சிப் இழுக்கும் பவர், கிளாக்கையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கிய அளவில் போகும். கிளாக்கை உயர்த்த வோல்டேஜையும் உயர்த்த வேண்டியிருப்பதால், மேல் பகுதியில் பவர் ஏறக்குறைய வேகத்தின் கனமாக ஏறுகிறது. திருப்பிச் சொன்னால், வாட் விகிதத்தின் கனமூலம்தான் வேக விகிதம்.

சிபியு: 65-ஐ 45-ஆல் வகுத்தால் 1.44, கனமூலம் 1.13. உங்கள் 25 நிமிட பில்ட் 14 இன்ச்சில் எடுக்கும் நேரம் என்றால், 16 இன்ச்சில் சுமார் 22 நிமிடம். ஜிபியு: 115-க்கு 90, விகிதம் 1.28, கனமூலம் 1.085. மூன்று மணி நேர ரெண்டரில் 14 நிமிடம் மிச்சம்.

இரண்டும் சேரும்போதுதான் இடைவெளி விரிகிறது. 100 வாட்டை 25, 75 என்று பிரித்துக்கொள்ளும் 14 இன்ச். 45, 115 என்று எடுத்துக்கொள்ளும் 16 இன்ச். 16 இன்ச்சின் கூடுதல் வேகம் சிபியு பக்கம் 20 சதவீதத்துக்குச் சற்று மேல், ஜிபியு பக்கம் 15 சதவீதம். இங்கே ஓர் எச்சரிக்கை: கனமூலக் கணக்கு வோல்டேஜ் இறங்க இடம் இருக்கும்வரைதான் செல்லும். 25 வாட்டில் 14 கோரும் ஓடினால் வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதோடு மெமரி கண்ட்ரோலர் மாதிரி மாறாச் செலவும் அதிலிருந்தே போகிறது. ஆகவே சிபியு பக்கம் உண்மையான இடைவெளி இந்தக் கணக்கைவிடப் பெரிதாக இருக்கும்.

ஜிபியுவில் ரெண்டர் செய்யும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் எஞ்சின் சிபியுவை அதிகம் தொடாது. வீடியோ எக்ஸ்போர்ட் எஃபெக்ட்டுகளோடு போனால் இரண்டையும் இழுக்கும். உங்கள் வேலைகளில் மிக அதிகமாக அடி வாங்கப்போவது அதுதான். அது அவ்வப்போதுதான் என்பதால், மூன்று நாள் தூக்கிச் சுமக்கிறவருக்கு 14 இன்ச் தப்பான முடிவு என்று சொல்ல மாட்டேன். தினமும் எக்ஸ்போர்ட் என்றால் 16 இன்ச் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்ட உதாரணமும் உண்டு. 2021-இல் ஆப்பிளின் எம்1 மேக்ஸ் சிப் 14, 16 இரண்டு மேக்புக் ப்ரோவிலும் வந்தபோது ஹை பவர் மோடு 16 இன்ச்சுக்கு மட்டுமே கிடைத்தது. 14 இன்ச்சுக்கு அது வந்தது 2023-இன் எம்3 மேக்ஸில்தான்.

சுழல்விசிறி:

வேகம் பற்றியே பேசுகிறோம், சத்தத்தை விட்டுவிட்டோம். ஃபேன் தள்ளும் காற்று, சுற்று வேகத்தையும் விட்டத்தின் கனத்தையும் பொறுத்தது. விட்டம் 10 சதவீதம் பெரிதானால் அதே காற்றுக்கு 25 சதவீதம் குறைந்த சுற்று போதும். 14 இன்ச்சில் ஒரு மணி நேர ரெண்டர் என்றால் கீச்சென்ற உயர் சுருதிச் சத்தம் ஒரு மணி நேரம் காதில் விழும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு 8 சதவீத வேகத்தைவிட இது பெரிய விஷயம்.

கூலிங் பேட் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான மெஷின்கள் அடிப்புறமிருந்து காற்றை இழுத்து, பின்பக்கக் கீல் இடைவெளியில் தள்ளுகின்றன. பின்பக்கத்தை 2, 3 செ.மீ. உயர்த்தி வைத்தாலே பேட் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பேடின் ஃபேன்களும் லேப்டாப்பின் இழுதுளைகளும் நேருக்கு நேர் அமையாவிட்டால் பேட் வெறும் ஸ்டாண்டுதான். படுக்கை, மெத்தை மேல் வைத்தால் இழுதுளை அடைந்துபோகும். அங்கே 14, 16 என்ற பேதமே கிடையாது.

மானிட்டர் போடும் நாட்களில் இரண்டு விஷயம் கவனியுங்கள். மூடியை மூடி ஓட்டினால், கீபோர்டு வழியாகவோ கீல் பக்கமாகவோ காற்று போகும் மாடல்களில் சூடு ஏறும். பாதி திறந்தாவது வையுங்கள். அடுத்து, பல மெஷின்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேரடியாக என்விடியா ஜிபியுவோடு இணைந்திருக்கும். அதில் மானிட்டரைச் செருகினால் சும்மா இருக்கும்போதும் ஜிபியு தூங்காது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். உள் கிராஃபிக்ஸோடு இணைந்த யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் எழுத்து வேலை நாட்களில் அதில் செருகுங்கள்.

சார்ஜர் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 16 இன்ச்சின் 240 வாட் செங்கல்லை வீட்டில் விட்டு 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரோடு வெளியே போனால், லோடில் அது 14 இன்ச்சைவிட மெதுவாகக்கூட ஓடலாம். 160 வாட் மெஷினுக்கு 100 வாட் கொடுத்தால் ஒன்று பேட்டரி கரையும், இல்லையென்றால் ஜிபியு சுருங்கும். பேட்டரி அளவில் 16 இன்ச்சுக்கு மேல்கை உண்டு என்றாலும் அதற்கும் உச்சி உண்டு: விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் பெரிய மெஷின்களும் 99-ஐ ஒட்டியே நின்றுவிடுகின்றன.

தறிநாடா:

அப்படியானால் 14 இன்ச் பக்கம்தான் சாய்கிறேன். வாங்கியபின் பேஸ்ட் மாற்றுவது, அண்டர்வோல்ட் செய்வது (சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) பலன் தருமா?

ஈசல்:

புது மெஷின்ல பேஸ்ட்டைத் தொடாதீங்க. முதல் மாசம் எடுத்த டெஸ்ட் எண்களைப் பத்திரமா வச்சுக்கங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு, அதே ரூம் டெம்பரேச்சர்ல, தூசி தட்டின பிறகும் 8, 10 டிகிரி கூடியிருந்தா அப்போ மாத்துங்க. சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுவுல இருக்குற பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிடும். லேப்டாப்ல வெறும் சிலிக்கான் மேலயே ஹீட்சிங்க் உக்கார்றதால இது சீக்கிரம் நடக்கும். அதனால பேஸ்ட்டுக்குப் பதிலா ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் போடுங்க. 45 டிகிரி கிட்ட இளகி, மேடு பள்ளத்தை நிரப்பிக்கும், பிதுங்காது.

முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. ஷீட்டை 15 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா பிளாஸ்டிக் தோல் கிழியாம உரியும். சிப் அளவுக்கே வெட்டுங்க. ஹீட்சிங்க் மேல 1, 2, 3-னு எண் போட்டிருக்கும். அந்த வரிசையில ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அரைச் சுத்து அரைச் சுத்தா முறுக்குங்க. ஒரு பக்கத்தை மட்டும் முழுசா முறுக்கினா சிப் ஓரம் உடையும். ஷீட் முழுசா படிய சில தடவை சூடாகி ஆறணும், அதனால முதல் அரை மணி நேர எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி போர்டுல சிந்தினா ஷார்ட்.

அனல்மானி:

அண்டர்வோல்ட்: 2019-இல் வோல்டேஜ் மாற்றும் வசதியை வைத்தே தாக்கும் பிளண்டர்வோல்ட் பாதுகாப்பு ஓட்டை வெளியானபிறகு, எச் வரிசை இன்டெல் சிப்களில் பெரும்பாலும் அந்த வசதியை பயாஸிலேயே (மெஷினின் அடிப்படை மென்பொருள்) பூட்டிவிட்டார்கள். ஆகவே சிபியுவை விட்டுவிட்டு ஜிபியுவில் செய்யுங்கள்; சேர்ந்து ஓடும்போது அங்கே மிச்சமாகும் வாட் சிபியுவுக்குப் போகும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் வோல்டேஜ் வளைவு வரும். ரெண்டர் ஓடும்போது கிளாக் எந்த இடத்தில் நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே கிளாக்கை 25 மில்லிவோல்ட் குறைவான புள்ளியில் வைத்து, அதற்கு வலப்பக்கம் இருக்கும் வளைவைத் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். 30 நிமிடம் ரெண்டர் தாங்கினால் இன்னொரு 25. திரையில் புள்ளிகள் தெறித்தாலோ டிரைவர் செயலிழந்து மீண்டாலோ முந்தைய புள்ளிக்குத் திரும்பி, அதற்கும் மேலே ஒரு படி இடம் விட்டு நிறுத்துங்கள். ரெண்டரில் தாங்கியது எக்ஸ்போர்ட்டில் தாங்காமல் போகலாம். இரண்டிலும் சோதித்தபிறகே விண்டோஸ் துவங்கும்போது தானாக ஏறும்படி சேமியுங்கள்.